எலுமிச்சை மரத்துக்குச் செருப்பு மாலை

செருப்பைக் கட்டியது நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் என் அம்மாவை மட்டும் குறை சொல்லிக் கடிதம் எழுத வேண்டாம்.

தை மாதத்துக் கடைசி வெள்ளிக்கிழமை என்று ஞாபகம். காலை வெயில் மதில் சுவரைத் தாண்டி அப்போதுதான் கிணற்றடிக்கு வந்திருந்தது. பி.எஸ்ஸி. தாவரவியல் முடித்து, எம்ப்ளாய்மென்ட் எக்ஸ்சேஞ்சில் பெயரைப் பதிந்துவிட்டு, அரசாங்கம் எப்போது வந்து என்னைக் கெஞ்சும் என்று நான் காத்திருந்த நாட்கள். கையில் சணல் கயிறு. கயிற்றில் அப்பாவின் தேய்ந்த டயர் செருப்பு ஒன்று, வார் அறுந்த ரப்பர் செருப்பு இரண்டு, மொட்டை விளக்குமாறு ஒன்று. எதிரே எலுமிச்சை மரம்.

"இன்னும் கொஞ்சம் மேல கட்றா. சந்துல போறவன் கண்ணுல படணும்" என்றாள் அம்மா.

"ஏம்மா, வெக்கம் மரத்துக்கு வரணுமா, நமக்கு வரணுமா?"

"உன்ன யாரு கேட்டா? கட்டு."

மதிலுக்கு அந்தப் பக்கம் ஸ்டூல் போட்டு ஏறி நின்றிருந்தாள் பக்கத்து வீட்டு சரோஜா அக்கா. யோசனையே அவளுடையது. "எங்க ஊர்ல மாமரத்துக்கு இப்படித்தான் கட்டுனோம் தம்பி. அடுத்த வருஷம் கிளை ஒடியற அளவுக்குக் காச்சித் தொங்குச்சு. எல்லாம் ரோஷம்!"

வழக்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். காய்க்காத மரத்துக்குப் பழைய செருப்பும் விளக்குமாறும் கட்டித் தொங்கவிட வேண்டும். வெள்ளிக்கிழமைதோறும் எதிரே நின்று நாலு பேர் கேட்கத் திட்ட வேண்டும். மரத்துக்கு மானம் போய், ரோஷம் வந்து, பூத்துக் காய்த்துவிடும். மூன்று வருஷம் செடிகளை அறுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்த எனக்கு, மானம் எந்தத் திசுவில் இருக்கிறது என்று ஒரு வாத்தியாரும் சொல்லித் தரவில்லை.

"திட்டற வேலை உன்னுது" என்றாள் அம்மா. "உனக்குத்தான் வாய் ஜாஸ்தி. வேற எதுக்கும் நீ ஆவல."

கிணற்றடியில், துவைக்கிற கல்லில், அண்ணி துணி அலசிக்கொண்டிருந்தார். ஒரு தடவை நிமிர்ந்து செருப்பைப் பார்த்தார். பிறகு, பிழிந்து வைத்த துணியையே எடுத்து மறுபடியும் பிழிந்தார்.

சிபாரிசு உள்ள ஜந்துக்கள்

இதே பத்திரிகையில் சில பக்கங்கள் தள்ளி ஒருவர் வீட்டுத் தோட்டம் போடச் சொல்லிக்கொடுக்கிறார். தினமும் கால் மணி நேரம் கொல்லையில் செலவழித்தால் மனதுக்கு நிம்மதி கிடைக்குமாம். ஆசிரியர் மன்னிக்கவும். அவர் எந்த ஊர்க்காரர் என்று எனக்குத் தெரியாது. எங்கள் மலையடிவாரத்தில் ஒரு வாரம் குடியிருந்துவிட்டு நிம்மதியைப் பற்றி எழுதட்டும்.

எங்கள் வீடு செங்கம் ரோட்டிலிருந்து மலைப் பக்கமாகத் திரும்பும் சந்தில். காலை ஏழு மணிக்கு முதல் குரங்கு மதில்மேல் வந்து உட்காரும். அவர் தலைவர். பின்னாலேயே குடும்பம் இறங்கும். பசிக்குத் தின்றால்கூட மன்னிக்கலாம். தக்காளியைப் பறிக்கும், ஒரு கடி கடிக்கும், முகத்தைச் சுளிக்கும், கீழே போடும், அடுத்ததைப் பறிக்கும். கல்யாண விருந்தில் மாப்பிள்ளை வீட்டார்கூட இவ்வளவு குறை சொல்லிச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. நான் கல்லெடுத்தால் அம்மா உள்ளேயிருந்து கத்துவாள்: "டேய் சேகரு, ஆஞ்சநேயர்டா!" ஆஞ்சநேயர் புடலங்கொடியைப் பந்தலோடு பிடுங்கிக்கொண்டு பின்கட்டு ஓட்டுமேல் ஏறுவார்.

பெருச்சாளி வந்து சேப்பங்கிழங்கைத் தோண்டியது. பிள்ளையார் வாகனம், அடிக்கக் கூடாது. அணில் கொய்யாவைக் குடைந்தது. முதுகில் ராமர் போட்ட கோடு, விரட்டக் கூடாது. மயில் வந்து மிளகாய் நாற்றைக் கொத்தியது. முருகன், கேட்கவே வேண்டாம். எங்கள் கொல்லையைக் கெடுத்த ஒவ்வொரு ஜந்துவுக்கும் ஒரு சாமியின் சிபாரிசு இருந்தது. சிபாரிசு இல்லாத ஒரே ஜீவன் நான். எம்ப்ளாய்மென்ட் எக்ஸ்சேஞ்சிலும் அதே கதைதான்.

எலுமிச்சை மரத்துக்கென்று தனியாக ஒரு திருடன் இருந்தான். இலைமேல் காக்கை எச்சம் போலவே ஒரு புழு உட்கார்ந்திருக்கும். எச்சம்தானே என்று நாமும் விட்டுவிடுவோம். தொட்டால் தலையிலிருந்து ஆரஞ்சு நிறத்தில் இரண்டு கொம்பை நீட்டி நாற்றம் விடும். பத்து நாளில் ஒரு கிளையை மொட்டையடித்துவிட்டு, கறுப்பும் மஞ்சளுமாகப் பட்டாம்பூச்சியாகி, நடந்ததற்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி பறந்துபோகும். எலெக்‌ஷனில் நிற்க வேண்டிய பிறவி.

செம்போத்து ஒன்று மட்டும் மத்தியான வேளையில் வேலியோரம் இறங்கும். சிவப்புக் கண், துருப்பிடித்த இறக்கை. தாசில்தார் தணிக்கைக்கு வந்த மாதிரி நிதானமாக நடந்து, ஒவ்வொரு செடியின் அடியிலும் குனிந்து பார்த்துவிட்டுப் போகும். அதை எனக்குப் பிடிக்கும். வீட்டில் யாரிடமும் இதைச் சொன்னதில்லை. சொன்னால் அதற்கும் ஒரு சாமியைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை விவசாயி

அப்பா தாலுகா ஆபீசில் கிளார்க். அவருடைய அப்பா வரைக்கும் ஏர் பிடித்தவர்கள். அதனால் விவசாயம் ரத்தத்திலேயே ஊறியிருக்கிறது என்று அவருக்கு ஒரு நினைப்பு. ஞாயிற்றுக்கிழமை காலையில் தலைக்குத் துண்டைக் கட்டிக்கொண்டு மண்வெட்டியோடு கொல்லைக்கு இறங்குவார். நாலு கொத்து கொத்துவார். ஒரு பிடி மண்ணை எடுத்து முகர்ந்துபார்த்து, "சத்து கம்மி" என்று தீர்ப்பு எழுதுவார். பிறகு காபி கேட்பார். அவ்வளவுதான் அந்த வார விவசாயம்.

சத்துக்காக முட்டை ஓடு போட்டார். காக்கை வந்தது. டீத்தூள் போட்டார். எறும்பு வந்தது. கசாப்புக் கடையிலிருந்து ஆட்டெலும்பு வாங்கி எலுமிச்சை மரத்தடியில் புதைத்தார். அன்றைக்கே சந்திலுள்ள நாய் எல்லாம் வந்து மரத்தைச் சுற்றிப் பள்ளம் பறித்துவிட்டன.

தண்ணீர் ஊற்றுவது மட்டும் அவர் கணக்கில் விவசாயம் இல்லை. அதை யாரும் தனியாகச் செய்யவும் இல்லை. துவைக்கிற கல்லிலிருந்து ஒரு சின்னக் கால்வாய் எலுமிச்சை மரத்தடிக்குப் போகும். ஐந்து பேர் துணியைத் தினமும் அண்ணி துவைப்பார். அந்தத் தண்ணீர் போதும். மரத்தடி வருஷம் முழுக்கச் சொதசொதவென்று இருக்கும்.

மரத்தை நட்டதும் அண்ணிதான். அண்ணன் கரண்ட் ஆபீசில் லைன்மேன். கல்யாணமாகி, போளூர்ப் பக்கத்திலிருந்து அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்த முதல் மாதம், புது மருமகள் கையால் ஒரு கன்று வைக்க வேண்டும் என்று சொல்லி அம்மா வைக்கச் சொன்ன எலுமிச்சை அது. ஆறு வருஷமாயிற்று. ஓட்டைத் தொடும் உயரத்துக்கு வளர்ந்து, முள்ளும் இலையுமாக நின்றது. பூ இல்லை.

அண்ணிக்கும் குழந்தை இல்லை.

இரண்டையும் அம்மா ஒரே மூச்சில் சொல்ல ஆரம்பித்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அடி அண்ணாமலையில் அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, நிலம் வைத்திருந்தார். அவருக்குக் கல்யாண வயதில் ஒரு பெண். "வர்ற தீபம் வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள விசேஷம் ஒண்ணும் இல்லன்னா, தம்பிகிட்ட பேசிடுவேன்" என்று ஒருநாள் காலையில் அம்மா அண்ணனிடம் சொன்னாள். சமையலறையில்தான் சொன்னாள். அண்ணி அங்கேயேதான் தோசை வார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டு முடித்து, கை கழுவிக்கொண்டு டியூட்டிக்குப் போய்விட்டார். கரண்ட் கம்பத்தில் பயமில்லாமல் ஏறுகிற மனிதர்.

இந்த மாதிரி இடம் வந்தால், அந்த வயதில் எனக்கு இதெல்லாம் புரியவில்லை என்று எழுதுவார்கள். எனக்கு நன்றாகவே புரிந்தது. நான் பொருட்படுத்தவில்லை.

வெள்ளிக்கிழமை அர்ச்சனை

திட்டுவதில் எனக்கு ஒரு தொழில் சுத்தம் உண்டு. முதல் வாரம் கொஞ்சம் தயங்கினேன். இரண்டாம் வாரம் மதிலுக்கு அந்தப் பக்கம் சரோஜா அக்கா கீரை ஆய்ந்துகொண்டே உட்கார்ந்துவிட்டாள். சந்திலிருந்து இன்னும் இரண்டு மூன்று பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். ஆள் சேர்ந்ததும் எனக்குக் குரல் வந்துவிட்டது.

"ஏய் எலுமிச்சை! உன்னத்தான். மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பாத. ஆறு வருஷமா இந்த வீட்டுத் தண்ணிய குடிக்கற. ஒரு பூவு உண்டா? ஒரு பிஞ்சு உண்டா? உடம்ப மட்டும் வளத்துக்கினு நிக்கற! உன்கூட வச்சதெல்லாம் காச்சி, அந்தக் கொட்டையில மொளச்சதுகூட காய்க்க ஆரம்பிச்சிடுச்சு. உன்னால நாலு பேருக்குப் பதில் சொல்ல முடியல எங்களுக்கு. இந்த வருஷம் பாப்பேன். காய்க்கலன்னு வையி, வெட்டி அடுப்புல சொருகிட்டு, வேற கன்னு கொண்டாந்து இதே குழியில வச்சிடுவோம்!"

கடைசி வரி அம்மா சொல்லிக்கொடுத்தது. அதைச் சொல்லாவிட்டால் பலிக்காதாம்.

"அய்யோ, வயிறு வலிக்குது தம்பி" என்று சரோஜா அக்கா சிரித்தாள். "ரேடியோ நாடகத்துக்குப் போயிருக்கணும் நீ."

வாரா வாரம் புதிதாக ஏதாவது சேர்த்தேன். குளிக்கும்போது யோசித்து வைத்துக்கொள்வேன். நாலு பேர் சிரித்தால் நான் எதையும் செய்வேன். இதோ, தொடர்கூட எழுதுகிறேன்.

மூன்றாவது வாரமோ நாலாவது வாரமோ, நான் கொல்லைக்குப் போனபோது துவைக்கிற கல் காய்ந்து கிடந்தது. அண்ணி துணி மூட்டையையும் பக்கெட்டையும் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வெளியே முனிசிபாலிட்டி குழாயடிக்குப் போயிருந்தார். அன்றைக்கு மட்டுமல்ல, அதற்குப் பிறகு எல்லா நாளும் அங்கேதான்.

"வூட்ல கிணறு இருக்கச்சே தெருக்குழாய்ல நின்னு துவைக்கறா பாரு" என்றாள் அம்மா.

"கிணத்துல தண்ணி கம்மியா இருக்குது அத்தை" என்றார் அண்ணி.

நான் கிணற்றை எட்டிப் பார்த்தேன். தண்ணீர் இருந்தது. பார்த்துவிட்டு, மரத்தைத் திட்டப் போனேன்.

வெள்ளைக்கார அம்மா

நடுவில் ஒரு கிளைக்கதை. ஆசிரமப் பக்கம் வாடகை ரூமில் தங்கியிருந்த வெள்ளைக்கார அம்மா ஒருவர் தினமும் காலையில் எங்கள் சந்து வழியாக மலைக்குப் போவார். காவிப் புடவை, காலில் தடுக்கத் தடுக்கக் கட்டியிருப்பார். ஒருநாள் மதிலுக்கு மேலே தொங்கிய செருப்பைப் பார்த்து நின்றார். கண்ணை மூடிக் கைகூப்பினார். அப்பாவின் டயர் செருப்புக்கு ஐந்து நிமிஷ தியானம்.

எனக்கு இங்கிலீஷ் பேச ஆள் கிடைத்தால் விடுவேனா? ஓடிப்போய், அது புனித மரம் இல்லை, நாங்கள் அதை அவமானப்படுத்துகிறோம் என்று விளக்கினேன்.

அவர் பதறிவிட்டார். "ஏன்? அது என்ன செய்தது?"

"ஒன்றும் செய்யவில்லை. அதுதான் பிரச்சினை."

அவர் செருப்பைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என்னைப் பார்த்ததுதான் அதிக நேரம். பிறகு நடந்தார். அடுத்த நாளிலிருந்து வேறு சந்து வழியாகப் போக ஆரம்பித்துவிட்டார். விவரம் தெரியாத ஜனம் என்று நான் வீட்டில் சொல்லிச் சிரித்தேன்.

பூ

அந்த வருஷம் வெயில் கொளுத்தியது. பாறையிலிருந்து கிளம்பும் சூடு மத்தியானத்தில் சுவரைத் தொட முடியாதபடி அடிக்கும். எலுமிச்சை மரத்தடி பாளம் பாளமாக வெடித்தது. இலைகள் சுருண்டு தொங்கின. செருப்பு மட்டும் புதுக்கருக்கோடு ஆடியது. நான் திட்டுவதை நிறுத்தவில்லை. நோயாளியைத் திட்டுவது இன்னும் சுலபம்.

வைகாசியில் இரண்டு நாள் கோடை மழை. அது நின்ற பத்துப் பதினைந்து நாளில், ஒரு காலை பல் துலக்கப் போனவன் பிரஷ்ஷை வாயில் வைத்தபடியே நின்றுவிட்டேன். கிளை கிளையாக மொட்டு. வெள்ளை மொட்டு, முனையில் லேசாகக் கத்திரிப்பூ நிறம். அந்த வாரம் முழுக்கக் கொல்லையில் ஒரு வாசனை இருந்தது. மல்லி மாதிரி தலையில் அடிக்காது. இருக்கிறதா இல்லையா என்று திரும்பிப் பார்க்கும்போது மூக்கைத் தொட்டுவிட்டுப் போகும். தேனீக்கள் காலையிலேயே வந்துவிடும். வேலை வெட்டி இல்லாதவன் என்பதால் நான் அங்கேயே நிறைய நேரம் நின்றேன். சரி, சந்தோஷமாகத்தான் இருந்தது.

உடனே உரிமைப் பிரச்சினை கிளம்பியது.

"நான் சொன்னப்ப சிரிச்சீங்களே" என்றாள் சரோஜா அக்கா.

"எலும்பு இப்பத்தான் மக்கி இறங்கியிருக்கு" என்றார் அப்பா.

அம்மா மரத்துக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தாள். செருப்பை அவிழ்க்கவில்லை. காய் பழுக்கும் வரைக்கும் மரத்துக்குப் பயம் இருக்க வேண்டுமாம். குங்குமமும் செருப்பும் ஒரே மரத்தில்.

ஆவணியில் கிளைகள் பச்சைக் காயோடு வளைந்தன. குரங்குத் தலைவர் ஒன்றைப் பறித்துக் கடித்து, வாழ்க்கையிலேயே முதல் தடவையாக நியாயமான காரணத்துக்கு முகத்தைச் சுளித்தார். சந்தே வந்து பார்த்துவிட்டுப் போனது. அண்ணி மட்டும் கொல்லைக்கு வந்து பார்க்கவில்லை. நட்டவர் அவர்தான் என்பது யாருக்கும் ஞாபகத்துக்கும் வரவில்லை.

தீபத்தன்று

கார்த்திகையில் பழம் மஞ்சளாகத் திரும்பியது. தீபத்துக்கு எங்கள் வீட்டில் கூட்டம் சொல்லி முடியாது. ஊரிலிருந்து வருகிற சொந்தமெல்லாம் எங்கள் வீட்டு மொட்டை மாடியிலிருந்துதான் மலையைப் பார்க்கும். அந்த வருஷம் அடி அண்ணாமலை மாமாவும் காலையிலேயே வந்துவிட்டார். ஒரு மூட்டை வேர்க்கடலை, எங்கள் ஊர் பாஷையில் மல்லாக்கொட்டை, கொண்டுவந்தார். பெண்ணைக் கூட்டி வரவில்லை. பேச்சை மட்டும் கொண்டுவந்திருக்கிறார் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அம்மா சொன்ன கெடு அந்தத் தீபம்தான்.

சாப்பாடு முடிந்து எல்லோரும் கொல்லையில் நின்றார்கள். அம்மா மரத்தைக் காட்டிக்கொண்டிருந்தாள். அண்ணன் கிணற்றுச் சுவரில் சாய்ந்து நின்றார். அன்றைக்கும் டியூட்டி, காக்கிச் சட்டையோடு சாப்பிட மட்டும் வந்திருந்தார். அண்ணி காபித் தட்டோடு பின்வாசல் படியில் இறங்கினார்.

"இன்னாக்கா போட்ட மரத்துக்கு? இப்படிக் காச்சித் தொங்குது?" என்றார் மாமா.

"ஒண்ணும் போடல. செருப்புதான்."

எல்லோரும் சிரித்தார்கள். அம்மா ஒரு பழத்தைப் பறித்து மாமா கையில் வைத்தாள். "மரத்துக்குக்கூட ரோஷம் வருது தம்பி. மரத்துக்கே வருது பாரு."

அதற்குமேல் அவள் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. அத்தனை பேரும் ஒரே நேரத்தில் அண்ணியைப் பார்க்காமல் இருக்க ஏதோ ஒன்றைப் பார்த்தார்கள். அப்பா மலையைப் பார்த்தார்.

அப்போது நான் வாயைத் திறந்தேன். அண்ணியைக் காப்பாற்றத்தான் திறந்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. அப்படி இல்லை. பட்டதாரி ஒருவன் நிற்கும்போது செருப்புக்குப் பெயர் போகிறதே என்ற எரிச்சல்.

"செருப்பும் இல்ல, எலும்பும் இல்ல" என்றேன். "எலுமிச்சை ஜாதிக்கு அடியில ஈரம் இருந்துக்கினே இருந்தா எலையாத்தான் விடும். பூக்காது. கொஞ்ச நாள் காயப் போடணும். நல்லா வாடட்டும்னு விட்டுட்டு, அப்புறம் தண்ணி காட்டுனா குப்புனு பூக்கும். காலேஜ்ல அஞ்சு மார்க் கேள்வி இது. நான் முழு மார்க் வாங்கினேன்."

"முழு மார்க் வாங்கினவன் ஆறு வருஷமா இன்னா பண்ணிக்கினு இருந்த?" என்றார் மாமா.

"அது கிடக்கட்டும் மாமா. இப்ப பாருங்க. இந்த மரத்துக்குத் தண்ணி எங்கேருந்து வந்துச்சு? துவைக்கிற கல்லுலேருந்து. தினமும். அதான் பூக்கல. இந்த வருஷம் பூத்துச்சுன்னா இன்னா அர்த்தம்? யாரோ தண்ணிய நிறுத்தியிருக்காங்க. மாசியிலேருந்து கல்லு காஞ்சி கிடக்குது. ஏன் காஞ்சி கிடக்குது? அண்ணி தெருக்குழாய்க்குப் போயிட்டாங்க. அண்ணி, நீங்க ஏன் இங்க துவைக்கறத விட்டீங்க?"

கேட்டு முடிக்கும்போதே எனக்குப் பதில் வந்துவிட்டது. ஆனால் கேள்வி வாயை விட்டுப் போய்விட்டது. பத்துப் பேர் அண்ணியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அண்ணி காபித் தட்டைத் துவைக்கிற கல்லின்மேல் வைத்தார். காய்ந்த கல்.

"வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம நீ நின்னு திட்டுன இல்ல, அப்ப நான் இங்கதான் துணிய கையில வச்சிக்கினு நின்னுக்கினு இருந்தேன்" என்றார். குரல் உயரவில்லை. "மரத்துக்குக் காது இருக்குதோ இல்லையோ எனக்குத் தெரியாது. எனக்கு இருக்குது."

மாமா கையிலிருந்த பழத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டிருந்தார்.

"நான் மரத்தத்தான்டி சொன்னேன்" என்றாள் அம்மா.

அண்ணன் கிணற்றுச் சுவரை விட்டு வந்தார். காக்கிச் சட்டைப் பையில் எப்போதும் கட்டிங் பிளேயர் இருக்கும். அதை எடுத்துச் சணல் கயிற்றை ஒரே கடியில் அறுத்தார். செருப்பும் விளக்குமாறும் காய்ந்த கால்வாயில் விழுந்தன. பிளேயரை மறுபடி பையில் போட்டுக்கொண்டார்.

"தீபம் பாத்துட்டு, நாளைக்கு நாங்க கிளம்பறோம்மா."

"எங்கடா?"

"வேங்கிக்கால் பக்கம் ஒரு போர்ஷன் காலியா இருக்குது. போன வாரமே போயி சொல்லிட்டு வந்துட்டேன்."

அண்ணி திரும்பி அவரைப் பார்த்த பார்வையில், இது அண்ணிக்கே தெரியாது என்று தெரிந்தது.

"மரத்த சொன்னதுக்கா வூட்ட விட்டுப் போவ?" என்றாள் அம்மா.

"மரத்தயும் சொல்லாத" என்றார் அண்ணன்.

ஆறு வருஷத்தில் அண்ணன் அம்மாவிடம் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான். மாமா, மாட்டைக் கட்டாமல் வந்துவிட்டதாகச் சொல்லி, தீபம்கூடப் பார்க்காமல் கிளம்பினார். மல்லாக்கொட்டை மூட்டையை விட்டுவிட்டுப் போனார். கேட்டு வாங்கிக்கொள்ளும் நிலையில் அவர் இல்லை.

சாயங்காலம் ஆறு மணிக்கு மலை உச்சியில் தீபம் ஏறியது. ஊரே அரோகரா போட்டது. மாடியில் அண்ணி கைப்பிடிச் சுவரோரம் நின்றிருந்தார். பக்கத்தில் போனேன்.

"அண்ணி, நான் வந்து..."

அவர் மலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நீ அவ்ளோ திட்டுனியே, அந்த மரம் ஒரு நாளாவது பதில் பேசுச்சா? அதான் உனக்கு அவ்ளோ வாய். போ, கீழ போயி அத்தைக்கு விளக்கேத்த ஒத்தாசை பண்ணு."

போனேன்.

டின்னில் வளர்வது

அந்த போர்ஷனில் கொல்லை கிடையாது. வாசலில் நாலு முழ இடம். நான் முதல் தடவை போனபோது அண்ணி அங்கே எண்ணெய் டின்களை வரிசையாக வைத்து, எல்லாவற்றிலும் குரோட்டன்ஸ் வைத்திருந்தார். சிவப்பு, மஞ்சள், புள்ளி போட்டது, திருகிக்கொண்டு வளர்வது. அத்தனையும் இலை. துணி அலசிய தண்ணீரைச் சொம்பில் மொண்டு ஒவ்வொரு டின்னுக்கும் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"வேற ஒண்ணும் வைக்கலயா அண்ணி? தக்காளி, கத்திரி?"

"இதுவே போதும். இதுகிட்ட யாரும் வந்து ஒண்ணும் கேக்க மாட்டாங்க" என்றார். "நடுவுல நிக்காத. வெளிச்சத்த மறைக்கற."

நகர்ந்து நின்றேன்.

இதைப் படித்துவிட்டு, அந்த அண்ணிக்கு அப்புறம் குழந்தை பிறந்ததா என்று கேட்டுக் கடிதங்கள் வரும். எனக்குத் தெரியும். நல்ல மனதோடுதான் கேட்பீர்கள், நல்லது நடந்திருக்க வேண்டுமே என்ற அக்கறையில்தான் கேட்பீர்கள். சரோஜா அக்காவும் மதில்மேல் கையை ஊன்றிக்கொண்டு அதே அக்கறையோடுதான் மாதா மாதம் கேட்பாள். தபால் தலையை வீணாக்காதீர்கள். பதில் எனக்குத் தெரியும். எழுத மாட்டேன்.